ரிசர்வ் முள் எண்ணுவது சுற்றை, விசையை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த விலையுயர்ந்த கைக்கடிகாரங்கள் பற்றிய கட்டுரையில் 'பவர் ரிசர்வ்' காட்டியை, அதாவது ஸ்பிரிங்கில் சாவி இன்னும் எவ்வளவு மீதி என்று டயலில் காட்டும் சிறு முள்ளைக் குறித்து மூன்று செய்திகள் இருந்தன. அது கைபேசியின் பேட்டரி சதவீதம் போன்றது என்பது முதலாவது. முள் பூஜ்யத்தைத் தொட்ட பிறகே சாவி கொடுக்க வேண்டும், அதுதான் ஸ்பிரிங்குக்கு நல்லது என்பது இரண்டாவது. குரோனோகிராஃபை (வாட்சுக்குள் உள்ள ஸ்டாப்வாட்சை) ஓடவிட்டால் முள் வேகமாக இறங்கும் என்பது மூன்றாவது. முதலாவது பாதிதான் சரி. மற்ற இரண்டும் முழுத் தவறு. பல லட்சம் கொடுத்து வாங்கிய வாட்சை அந்த இரண்டாவது யோசனைப்படி வைத்திருந்தால் அதன் நேரம் ஒருநாளும் ஒழுங்காக இருக்காது. ஆகவேதான் இந்த நீண்ட கடிதம்.

அந்த முள் எதை எண்ணுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். சாவி கொடுக்கும் எந்த வாட்சிலும் மெயின் ஸ்பிரிங் ஒரு மூடிய டப்பாவுக்குள் சுருண்டிருக்கும். அதைத் தொழிலில் பேரல் என்கிறோம். ஸ்பிரிங்கின் உள் முனை நடு அச்சில் மாட்டியிருக்கும், வெளி முனை பேரலின் சுவரைப் பிடித்திருக்கும். நாம் சாவி கொடுக்கும்போது சுற்றுவது நடு அச்சு. வாட்ச் ஓடும்போது சுற்றுவது பேரல். இந்த இரண்டு சுற்றுகளுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஸ்பிரிங்கில் மீதமிருக்கும் சுருள். ஏறத்தாழ 42 மணி நேரம் ஓடும் ஒரு மிஷினில் (வாட்சின் உள் இயந்திரத்தில்) பேரல் சுமார் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், கையில் இருப்பது மொத்தம் ஏழு சுற்று. ரிசர்வ் முள் அந்த ஏழைத்தான் டயலில் விரித்துக் காட்டுகிறது. கிணற்று உருளையில் இன்னும் எத்தனை சுற்றுக் கயிறு மீதி என்று பார்ப்பது போலத்தான் இது. கயிறு எவ்வளவு பாரத்தை இழுக்கிறது என்பதை அந்தக் கணக்கு சொல்லாது.

கூட்டல் கழித்தலைச் செய்ய மிஷினுக்குள் ஒரு டிஃபரென்ஷியல் இருக்கும். அச்சின் பக்கத்திலிருந்து ஒரு பற்சக்கரத் தொடர் வரும், பேரலின் பக்கத்திலிருந்து இன்னொன்று. இரண்டும் நடுவில் ஒரு சிறு கோள்சக்கரத்தில் சந்திக்கும். சாவி கொடுத்தால் அது ஒரு திசையில் நகர்ந்து முள்ளை ஏற்றும். வாட்ச் ஓடினால் எதிர்த் திசையில் நகர்ந்து இறக்கும். சாவி கொடுப்பதும் ஓடுவதும் ஒரே சமயத்தில் நடந்தாலும் கணக்குப் பிசகாது. இந்தச் சேர்க்கைக்கு இடம் வேண்டும். ஈ.டி.ஏ. 2892 என்ற பிரபலமான ஆட்டோமேட்டிக் (கை அசைவிலேயே ஸ்பிரிங் ஏறும்) மிஷினின் தடிமன் 3.6 மில்லிமீட்டர், அதன்மேல் ரிசர்வ் காட்டி சேர்த்த 2897, 4.85 மில்லிமீட்டர். ஒரு முள்ளுக்காக ஒன்றேகால் மில்லிமீட்டர். மெல்லிய வாட்சுகளில் இந்தக் காட்டியை ஏன் அதிகம் பார்ப்பதில்லை என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

பற்சக்கரம் இல்லாத வழியும் ஒன்று உண்டு. சாவி கொடுக்கக் கொடுக்கத் திருகில் மேலும் கீழும் ஏறி இறங்கும் ஒரு கூம்பு. அதன் சரிவில் ஒரு மெல்லிய கை சாய்ந்திருக்கும். கூம்பு உயர்ந்தால் கை வெளியே தள்ளப்படும், தாழ்ந்தால் உள்ளே வரும். ஃபெர்டினான்ட் பெர்த்தூ நிறுவனம் 2015இல் வெளியிட்ட எஃப்பி 1 வாட்சில் இந்தக் கூம்பையும் கையையும் பின்புறக் கண்ணாடி வழியாகவே பார்க்கலாம். அழகுக்கு வைத்தது போலத் தெரியும். ஆனால் வேலை செய்வதும் அதுதான்.

இந்தக் காட்டி முதலில் நிலைபெற்றது கைக்கடிகாரத்தில் அல்ல, கப்பலில். கட்டுரையின் குழப்பத்துக்கு வேரும் அங்கேதான் இருக்கிறது. கடலில் தீர்க்கரேகை கணிக்க உதவிய மரைன் குரோனோமீட்டர்களின் டயலில், மேல்பக்கம் சிறிதாக ஒரு காட்டி இருக்கும். இரண்டு நாள் ஓடும் வகையில் அதன் அளவு 0 முதல் 56 மணி வரை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கக் கடற்படைக்காக ஹாமில்டன் நிறுவனம் செய்த மாடல் 21இலும் அதுவே இருந்தது. 56 மணி நேரம் ஓடும் என்றாலும் அதற்குத் தினமும் ஒரே நேரத்தில் சாவி கொடுப்பார்கள். பணி மாறி வந்த அதிகாரி டயலைப் பார்த்தவுடன் இன்று சாவி கொடுத்தாயிற்றா இல்லையா என்று தெரிந்துகொள்ளத்தான் அந்த முள். அடுத்து வருவது முக்கியம்: அந்தக் கருவிகளில் ஃபியூசி என்ற கூம்பு வடிவச் சக்கரமும் ஒரு நுண்சங்கிலியும் இருந்தன. ஸ்பிரிங் முழு இறுக்கத்தில் இழுக்கும்போது சங்கிலி கூம்பின் சிறிய சுற்றில் இருக்கும், தளரும்போது பெரிய சுற்றுக்கு வரும். அதனால் ஐந்தாவது மணியிலும் ஐம்பதாவது மணியிலும் சக்கரங்களுக்குப் போகும் விசை ஏறக்குறைய ஒன்றே. மீதி நேரம் எவ்வளவு என்று தெரிந்தால் அங்கே போதும். விசையைப் பற்றித் தனியாகக் கவலைப்படத் தேவையில்லை.

கைக்கடிகாரத்துக்கு வந்தபோது ஃபியூசி கழன்றுவிட்டது, முள் மட்டும் வந்தது. 1948இல் ழெஜெர்-லெகூல்த்ர் வெளியிட்ட பவர்மேட்டிக், 481 மிஷினோடு, ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரங்களில் ரிசர்வ் காட்டியைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. சாவியே கொடுக்காமல் ஓடும் வாட்சை மக்கள் அப்போது முழுதாக நம்பவில்லை. கை அசைவில் ஸ்பிரிங் ஏறுகிறது என்று கண்ணால் காட்ட வேண்டியிருந்தது. நோக்கம் நியாயமானதுதான். ஆனால் ஃபியூசி இல்லாத மிஷினில் முழு இறுக்கத்தில் உள்ள ஸ்பிரிங்கும் முக்கால் தளர்ந்த ஸ்பிரிங்கும் ஒரே வலுவில் தள்ளுவதில்லை. முள்ளோ இரண்டு இடத்திலும் ஒரே வேகத்தில், ஒரே நிதானத்தோடு இறங்கிக்கொண்டிருக்கும்.

வாட்சின் துடிப்பை அளக்கும் டைம்கிராஃபர் கருவியில் இதை வைத்துப் பார்த்தால் சந்தேகமே இருக்காது. நல்ல நிலையில் உள்ள மிஷினுக்கு முழுச் சாவி கொடுத்து டயல் மேலே இருக்கும்படி வைத்தால், இருபுறமும் ஊசலாடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் வீலின் வீச்சு 290, 300 பாகை காட்டும். 24 மணி நேரம் கழித்து 250, 270. கடைசி ஆறேழு மணி நேரத்தில் 200க்கும் கீழே சரியும். அந்த இடத்தில் வாட்ச் நிற்காது, ஓடும். ஆனால் செங்குத்தாக நின்றிருந்தால் ஒரு கணக்கு, மேசையில் படுத்திருந்தால் இன்னொரு கணக்கு என்று நிலைக்கு நிலை விலகல் பெரிதாகும். டயலில் இன்னும் ஆறு மணி நேரம் மீதி என்று காட்டுகிறதே என்று நம்பி அந்த நேரத்தைப் பார்த்து ரயிலைப் பிடிக்கப் போகிறவர் ஏமாறலாம்.

சான்றிதழ்கள் விஷயத்திலும் இது வருகிறது. சுவிட்சர்லாந்தின் கோஸ்க் சோதனையில் மிஷினை ஐந்து நிலைகளிலும், 8, 23, 38 டிகிரி வெப்பத்திலும் வைத்துப் பல நாள் பார்க்கிறார்கள். தினசரிச் சராசரி விலகல் மைனஸ் 4 முதல் பிளஸ் 6 வினாடிக்குள் இருக்க வேண்டும். ஆனால் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை சாவி கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். 72 மணி நேர வாட்சின் மூன்றாம் நாள் எப்படி இருக்கும் என்று அந்தத் தாள் சொல்வதில்லை. ஒமேகா போன்றவை எடுக்கும் மேட்டாஸ் சோதனையில் முழு ரிசர்வில் ஒருமுறையும் 33 சதவீதத்தில் ஒருமுறையும் அளந்து வித்தியாசத்தைப் பார்க்கிறார்கள். 33 என்ற எண்ணை வாங்குபவர்கள் மனதில் வைத்துக்கொள்ளலாம்: அளவில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே முள் போனால் சாவி கொடுத்துவிடுவது.

பெரிய நிறுவனங்களுக்கு இது தெரியாததல்ல. ஐ.டபிள்யூ.சி. 2000ஆம் ஆண்டில் கொண்டுவந்த 5000 வரிசை மிஷினின் ஸ்பிரிங்கால் எட்டரை நாள் ஓட முடியும். ஆனால் ஏழாம் நாள் முடிந்ததும் உள்ளே ஒரு தடுப்பு விழுந்து வாட்சை நிறுத்திவிடும். மிச்சமுள்ள ஒன்றரை நாள் விசை பலவீனமானது, அதில் ஓடித் தவறான நேரம் காட்டுவதைவிட நிற்பதே மேல் என்பது அவர்கள் முடிவு. ஏ. லாங்கே & ஸோனே 2007இல் வெளியிட்ட லாங்கே 31 இன்னும் கறாரானது. இரண்டு ஸ்பிரிங், ஒவ்வொன்றும் 1.85 மீட்டர் நீளம். பின்புறக் கண்ணாடியில் உள்ள துளை வழியே தனிச் சாவி போட்டு முறுக்க வேண்டும். பத்து வினாடிக்கு ஒருமுறை ஒரு சிறு துணை ஸ்பிரிங்கை நிரப்பி, அதிலிருந்துதான் எஸ்கேப்மென்டுக்கு (சக்கரங்களைத் துடிப்புக்கு ஒரு பல்லாக விடும் அமைப்புக்கு) விசை போகிறது. 31 நாள் முடிந்ததும் மிஷின் தானே நின்றுவிடும். இத்தகைய வாட்சுகளில் மட்டும் ரிசர்வ் முள் காட்டும் கடைசி நாளையும் முதல் நாளைப் போலவே நம்பலாம். கட்டுரையில் படம் போட்டிருந்த லாங்கே 1 வேறு: இரட்டைப் பேரல், 72 மணி நேரம், வலப்பக்கம் 'அவுஃப்', 'ஆப்' என்று ஜெர்மன் மொழியில் ஏற்றமும் இறக்கமும்.

ஜப்பான்காரர்கள் வேறு கோணத்தில் போனார்கள். ஸ்பிரிங் டிரைவ் (ஸ்பிரிங் விசையில் ஓடி, குவார்ட்ஸ் கட்டுப்பாட்டில் நேரம் காக்கும்) வகையைச் சேர்ந்த கிராண்ட் செய்கோவின் 9ஆர்02 மிஷினில், முழுச் சாவி கொடுத்த முதல் 48 மணி நேரம் ஸ்பிரிங் தேவைக்கு மேல் விசை தரும். அந்த உபரியில் சுமார் 30 சதவீதத்தைத் திருப்பி அதே ஸ்பிரிங்கை முறுக்கப் பயன்படுத்துகிறார்கள். விளைவு 84 மணி நேரம்.

ரிஷார் மில் தன் தொடக்ககால டூர்பில்லான்களில் (பேலன்ஸ் வீலே ஒரு கூண்டுக்குள் சுழலும் வாட்சுகளில்) ரிசர்வ் காட்டியோடு நிற்காமல் விசைக் காட்டியையும் தனியாக வைத்தது. அளவு டெசிநியூட்டன் மில்லிமீட்டரில்: 53க்குக் கீழே ஸ்பிரிங் தளர்வு, 65க்கு மேலே அளவுக்கு மீறிய இறுக்கம். ஒரே டயலில் நேரத்துக்கு ஒரு காட்டி, விசைக்கு ஒரு காட்டி. இரண்டும் வேறு என்பதற்கு இதைவிட வெளிப்படையான சாட்சி வேண்டியதில்லை. விலையைப் பற்றிப் பேசாமலிருப்பதே நல்லது.

இனி குரோனோகிராஃப். அதை ஓடவிட்டால் முள் வேகமாக இறங்கும் என்பது படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது, கார் ஏ.சி. போட்டால் பெட்ரோல் கூடுதலாகச் செலவாவதில்லையா என்று. ஆனால் பேரல் எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது எஸ்கேப்மென்ட். பேலன்ஸ் வீல் மணிக்கு 28,800 துடிப்பு என்றால் 28,800தான். குரோனோகிராஃப் ஓடினாலும் நின்றாலும் பேரல் ஒரே வேகத்தில்தான் அவிழும். முள்ளும் அப்படியே. மாறுவது விசை மட்டும். கூடுதலாக இழுக்க வேண்டிய சக்கரங்களுக்கு ஒரு பகுதி விசை போய்விடுவதால் பேலன்ஸின் வீச்சு 20, 30 பாகை குறையும். அதனால் கடைசியில் வாட்ச் சில மணி நேரம் முன்னதாக நிற்கும், முள் இன்னும் பூஜ்யத்துக்கு வராத நிலையிலேயே. ஆகவே குரோனோகிராஃப் ஓடும் வாட்ச் முள்ளில் கொஞ்சம் மீதி காட்டிக்கொண்டு நின்றுபோனால் அதைப் பழுது என்று நினைக்க வேண்டாம்.

மாதத்தின் நாள் எண்ணிக்கையையும் லீப் ஆண்டையும் தானே கணக்கிடும் பெர்பெச்சுவல் காலண்டர் இன்னும் கடினமான சோதனை. நள்ளிரவு நெருங்கும்போது தேதி, கிழமை, மாதம், நிலவின் பிறை என்று எல்லாவற்றையும் தள்ள வேண்டும். பிப்ரவரி 28இலிருந்து மார்ச் 1க்குத் தாவும் இரவு ஆண்டிலேயே பாரமான இரவு. ரிசர்வ் கடைசிக் கட்டத்தில் இருக்கும்போது அந்த இரவு வந்தால் காலண்டர் பாதியில் நின்றுவிடக்கூடும். காலையில் எழுந்து தேதியைத் திருத்தும் பொத்தானை அழுத்துவார்கள். பற்கள் பாதி கோர்த்த நிலையில் அழுத்தினால் நெம்புகோல் வளையும் அல்லது பல் உடையும். பொதுவாக இரவு 8 மணி முதல் அதிகாலை 4 மணி வரை திருத்தும் பொத்தான்களைத் தொடக்கூடாது என்பார்கள். கையேட்டில் வேறு நேரம் சொல்லியிருந்தால் அதுவே சட்டம். வாட்ச் நின்றிருந்தால் முதலில் சாவி கொடுங்கள், பிறகு முட்களைக் கையால் முன்னோக்கி நகர்த்திக் காலை 6 மணியைத் தாண்டச் செய்யுங்கள், அதன் பிறகே திருத்தம்.

ஐ.டபிள்யூ.சி.க்காகக் கர்ட் கிளவுஸ் வடிவமைத்து 1985இல் டா வின்சியில் வந்த காலண்டரில் இந்தப் பொத்தான் தொல்லை கிடையாது. எல்லாம் கிரவுன் (சாவி கொடுக்கும் பக்கவாட்டுத் திருகு) வழியாக, ஒரே அசைவில் ஒன்றாக நகரும். ஆனால் முன்னோக்கி மட்டும். தெரியாமல் நான்கு நாள் முன்னே தள்ளிவிட்டால் பின்னே இழுக்க முடியாது. வாட்சை நிறுத்தி வைத்துவிட்டு, நாள்காட்டி அந்தத் தேதிக்கு வரும்வரை நான்கு நாள் காத்திருக்க வேண்டும். நான்கு மாதம் தள்ளியிருந்தால் நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டியதுதான். இப்படிப்பட்ட வாட்சில் ரிசர்வ் முள் அலங்காரம் அல்ல, வாட்ச் நின்றுபோகாமல் காக்கும் ஒரே எச்சரிக்கை. 2003இல் அதே காலண்டரை ஏழு நாள் மிஷினோடு சேர்த்துப் போர்த்துகீசர் பெர்பெச்சுவலாக வெளியிட்டபோது ரிசர்வ் காட்டி டயலில் இடம்பெற்றது நியாயமான முடிவு.

வாஷரோன் கான்ஸ்டான்டின் 2019இல் இந்தச் சிக்கலுக்கே ஒரு வாட்ச் செய்தது: டிராடிஷனல் ட்வின் பீட். கையில் கட்டும்போது பேலன்ஸ் 5 ஹெர்ட்ஸ். கழற்றி வைக்கும்முன் ஒரு பொத்தானை அழுத்தினால் 1.2 ஹெர்ட்ஸ் பேலன்ஸுக்கு மாறிவிடும். முதல் நிலையில் நான்கு நாள், இரண்டாவதில் 65 நாள். ஒரே அளவு சாவி, ஆனால் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து நாட்கணக்கு வேறு. அதனால் ரிசர்வ் காட்டியில் இரண்டு அளவுகோல் போட வேண்டியிருந்தது. முள் எண்ணுவது நேரத்தை அல்ல, சுற்றைத்தான் என்பதை இந்த டயல் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது.

மணியடிக்கும் வாட்சுகளில் கணக்கு இன்னும் வேறு. கேட்கும்போது மட்டும் மணியடித்து நேரம் சொல்லும் மினிட் ரிப்பீட்டருக்குப் பக்கவாட்டு நெம்பை இழுக்கும்போதே தனி ஸ்பிரிங் ஏறிவிடும், காட்டி தேவையில்லை. தானாகவே அடிக்கும் கிராண்ட் சொன்னரிக்கு அது போதாது. பட்டேக் ஃபிலிப் 2020இல் வெளியிட்ட 6301பி-யில் ஒவ்வொரு கால் மணிக்கும் முழு மணியும் சேர்த்து அடிக்கும். 12 மணி நேரத்தில் 1 முதல் 12 வரை கூட்டினால் 78; நாளுக்கு 156; நான்கு கால்மணிக்கும் அதுவே என்பதால் 624. கால் மணிக்கு மூன்று சுரம், அரை மணிக்கு ஆறு, முக்கால் மணிக்கு ஒன்பது, ஆக மணிக்கு 18, நாளுக்கு 432. மொத்தம் 1,056 அடி. இதற்கு நேரம் காட்டும் ஸ்பிரிங்கைத் தொட்டால் நேரம் கெடும் என்பதால் மணிக்குத் தனிப் பேரல்கள். 9 மணி இடத்தில் மிஷினுக்கு ஒரு ரிசர்வ் காட்டி, 72 மணி நேரம். 3 மணி இடத்தில் மணிக்கு ஒரு காட்டி, 24 மணி நேரம். கிரவுனை ஒரு பக்கம் திருப்பினால் ஒன்று ஏறும், மறுபக்கம் திருப்பினால் மற்றொன்று.

இனி சாவி கொடுக்கும் முறை. பூஜ்யம் வரை இறக்கினால் ஸ்பிரிங்குக்கு நல்லது என்பது பழைய பேட்டரிகளைப் பற்றிக் கேட்ட பேச்சு இங்கே தவறுதலாக ஒட்டிக்கொண்டது. இன்றைய ஸ்பிரிங்குகள் நிவாஃப்ளெக்ஸ் போன்ற கலப்புலோகத்தில் ஆனவை. முழு இறுக்கத்தில் இருப்பதால் அவை சோர்வதில்லை. அந்தக் காலத்து நீல எஃகு ஸ்பிரிங் தளர்ந்தும் உடைந்தும் போனது உண்மை. அதற்கும் பூஜ்யம் வரை காத்திருப்பது மருந்தல்ல. எச்.எம்.டி. ஜனதா கட்டியிருந்த வீடுகளில் காலையில் ஒரே நேரத்தில் சாவி கொடுப்பார்கள் அல்லவா, கை சாவி வாட்ச் எதுவானாலும் அந்தப் பழக்கம்தான் சரி. வாட்சைக் கையிலிருந்து கழற்றிவிட்டுச் சாவி கொடுக்கவும். கட்டியபடியே முறுக்கினால் தண்டு சாய்ந்து தேயும். இறுகி நின்றதும் நிறுத்தவும், அதற்கு மேல் அரைச் சுற்றுகூட வேண்டாம். எட்டு நாள் வாட்சுக்கு வாரம் ஒருமுறை போதும் என்றாலும் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை கொடுத்தால் நேரம் இன்னும் ஒழுங்காக இருக்கும்.

ஆட்டோமேட்டிக்கில் ஸ்பிரிங்கின் வெளி முனை சுவரில் வழுக்கும்படி அமைத்திருப்பதால் இறுகி நிற்காது. நின்றுபோன வாட்சை ஓட வைக்கக் கிரவுனில் 20, 30 சுற்றுப் போதும், மீதியைக் கை அசைவில் சுழலும் ரோட்டர் பார்த்துக்கொள்ளும். தினமும் கையாலேயே முழுதாக ஏற்றினால் சில மிஷின்களில் ரிவர்சர் சக்கரங்கள் சீக்கிரம் தேய்கின்றன. வாட்சைச் சுழற்றிச் சுழற்றிச் சாவி ஏற்றும் வாட்ச் வைண்டர் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ரிசர்வ் முள் நல்ல உதவி: பாதி ரிசர்வில் பெட்டியில் வையுங்கள், நாளுக்கு 650 சுற்றில் தொடங்குங்கள். மறுநாள் முள் ஏறியிருந்தால் போதும். இறங்கியிருந்தால் திசையையோ எண்ணிக்கையையோ மாற்றுங்கள். பெரும்பாலான மிஷின்களுக்கு 650 முதல் 800 வரை போதும்.

காட்டி சரியாக இருக்கிறதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். கை சாவி வாட்ச் என்றால் இறுகும் வரை, ஆட்டோமேட்டிக் என்றால் முள் உச்சியைத் தொட்ட பிறகும் ஒரு பத்துச் சுற்று, சாவி கொடுக்கவும். செய்கோ 4ஆர் வரிசைக்கு நின்ற நிலையிலிருந்து குறைந்தது 55 சுற்று. நேரத்தைக் குறித்துவிட்டு டயல் மேலே இருக்கும்படி அசையாமல் வைக்கவும். 24 மணி நேரம் கழித்து முள் எங்கே என்று பார்க்கவும். வாட்ச் நின்றதும் நேரத்தையும் முள்ளின் இடத்தையும் சேர்த்துக் குறிக்கவும். வேண்டியதெல்லாம் இந்த இரண்டு குறிப்புத்தான்.

முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகும் மூன்று நான்கு மணி நேரம் ஓடினால் குறையில்லை. பல நிறுவனங்கள் பூஜ்யத்துக்குக் கீழே கொஞ்சம் ஒதுக்கிவைத்தே செய்கின்றன. எதிர்மாறாக, முள்ளில் 15 மணி நேரம் மீதி காட்டும்போதே வாட்ச் நின்றால் கவனிக்க வேண்டும். இதற்குக் காரணம் இரண்டில் ஒன்று. எண்ணெய் காய்ந்து, அழுக்கேறி, கடைசிக் கட்ட விசையால் சக்கரங்களை நகர்த்த முடியவில்லை. அல்லது ஆட்டோமேட்டிக்கில் ஸ்பிரிங் சுவரில் முன்கூட்டியே வழுக்குகிறது. இரண்டாவதில்தான் ஆட்கள் ஏமாறுவார்கள். அச்சு சுற்றுகிறது, முள் ஏறுகிறது, உச்சியைத் தொடுகிறது. ஆனால் ஸ்பிரிங் பாதியிலேயே வழுக்கிவிட்டதால் உள்ளே உண்மையில் முழு இறுக்கம் இல்லை. முள் முழுசு என்கிறது, வாட்ச் 25 மணி நேரத்தில் நிற்கிறது. பேரல் சுவரில் போட வேண்டிய தடுப்பு கிரீஸ், மோபியஸ் 8217 போன்றது, விடுபட்டிருக்கும். அல்லது அந்த இடத்தில் சாதாரண எண்ணெய் போட்டிருப்பார்கள். சாவி கொடுத்த உடனே வீச்சு 280 இருந்து ஆனால் 12 மணி நேரத்திலேயே சரிந்தால் வழுக்கல் என்று சந்தேகிக்கலாம். தொடக்கத்திலேயே 230 என்றால் சர்வீஸுக்கான வேளை வந்துவிட்டது.

இன்னொரு குறை, முள் உச்சிக்கே வராமல் முக்காலில் நிற்பது. ஸ்பிரிங் மாற்றியபோது அளவு தவறிவிட்டது என்பது வழக்கமான காரணம். நீளம் கூடினால் ரிசர்வ் கூடும் என்று நினைத்து நீளமான ஸ்பிரிங் போடுகிறவர்கள் உண்டு. பேரலுக்குள் ஸ்பிரிங் அடைக்கும் இடமும் காலி இடமும் ஏறக்குறைய சரிபாதியாக இருந்தால்தான் சுற்று அதிகபட்சம் கிடைக்கும். நீளம் கூடினால் அவிழ இடமில்லாமல் சுற்று குறையும், நீளம் குறைந்தாலும் குறையும். தடிமன் நூறில் ஒரு மில்லிமீட்டர் மாறினாலே விசை எகிறிவிடும்.

ஆட்டோமேட்டிக்கில் முள் உச்சியைத் தொட்ட பிறகும் அச்சு சுற்றிக்கொண்டே இருக்கும் என்பதால், முள்ளின் சக்கரத்தில் ஓர் உராய்வுப் பிடி வைத்திருப்பார்கள். உச்சியில் தடுப்பில் முட்டியதும் பிடி வழுக்கி முள் அங்கேயே நிற்கும். அந்தப் பிடியில் எண்ணெய் ஊறினால் வழுக்கக்கூடாத நேரத்திலும் வழுக்கும். கையைத் தட்டினால் முள் சற்றே விழும், அல்லது நாளுக்கு நாள் கணக்குப் பின்தங்கும். பிடி மிக இறுகினால் பல் உடையும். சர்வீஸ் செய்யும் தம்பிமார்களுக்கு ஒரு வார்த்தை: ரிசர்வ் முள் பூஜ்யத்தில் இருக்கிறதே என்று ஸ்பிரிங்கை அவிழ்க்காமல் பேரல் பாலத்தைக் கழற்ற வேண்டாம். அங்கேயும் இரண்டு மூன்று சுற்று மீதி இருக்கலாம். கிளிக்கை விலக்கி, கிரவுனைப் பிடித்து மெதுவாக விட்டு, முழுதும் தளர்ந்ததா என்று பார்த்த பிறகே திருப்புளி. திரும்ப முள் போடும்போது ஸ்பிரிங் முழுக்கத் தளர்ந்த நிலையில் பூஜ்யத்தில் வைப்பதா, முழுதும் ஏற்றி உச்சியில் வைப்பதா என்பது மிஷினுக்கு மிஷின் மாறும். தொழில்நுட்பத் தாளைப் பார்க்காமல் ஊகத்தில் வைத்த முள்தான் பல வாட்சுகளில் நிரந்தரமாகப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறது.

கட்டுரையில் சொல்லாமல் விட்ட ஒன்றும் இருக்கிறது. 'ஃபர்ஸ்ட் காப்பி' என்று விற்கப்படும் போலி வாட்சுகளில் ரிசர்வ் காட்டி என்று எழுதியிருக்கும் வட்டத்தில் இருப்பது பெரும்பாலும் கிழமை முள் அல்லது 24 மணி முள். கடைக்காரர் எதிரிலேயே கிரவுனை 20 சுற்று முறுக்கிப் பாருங்கள். உண்மையான காட்டியென்றால் முள் கண்ணுக்குத் தெரியும்படி ஏற வேண்டும், ஏற்கெனவே உச்சியில் இருந்தாலொழிய. பிறகு கிரவுனை இழுத்து முட்களை 12 மணி நேரம் முன்னோக்கிச் சுற்றுங்கள். ரிசர்வ் முள் அசையக்கூடாது. அதுவும் சேர்ந்து நகர்ந்தால் அது ரிசர்வ் காட்டியே அல்ல. உண்மையான காட்டி வேண்டும் என்பவர் லட்சங்கள் கொடுக்கவும் தேவையில்லை. செய்கோ பிரெசாஜில் 4ஆர்57 மிஷின் கொண்ட மாடல்களில் சுமார் 41 மணி நேர ரிசர்வும் அதற்கான முள்ளும் உண்டு. ஓரியன்ட் ஸ்டாரிலும் கிடைக்கும்.

முள் பூஜ்யத்தைத் தொட்ட பிறகு சாவி கொடுக்கவும் என்ற அந்த வரிக்காவது அடுத்த ஞாயிறு இணைப்பில் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பெர்பெச்சுவல் காலண்டர் வைத்திருப்பவர்கள் அதைக் கத்தரித்து வைத்திருக்க வாய்ப்புண்டு.

இப்படிக்கு,
கடிகாரப் பழுதுபார்க்கும் தொழிலில் உள்ள வாசகர்,
கோயம்புத்தூர்.